தோட்டத்து மலரை விக்கியில் ஏற்றுவது எப்படி?

எழுத்தை முதலில் மாற்றுங்கள், வடிவத்தைப் பிறகு பார்க்கலாம்

உலு திராம் – ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி போகும் சாலையில் உலு திராமைக் கடப்பவர்கள் இன்று பார்ப்பது தேசா செமெர்லாங், தாமான் காயா போன்ற குடியிருப்புகளையும் கடை வரிசைகளையும்தான். இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால், லயம் எங்கே இருந்தது, பால் ஸ்டோர் எங்கே இருந்தது, முதல் கோயில் எந்த மரத்தடியில் இருந்தது என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு இதையெல்லாம் சொல்வதற்குப் பெரும்பாலும் இரண்டே காகிதங்கள்தாம் மிஞ்சும். ஒன்று கோயில் கும்பாபிஷேக மலர். மற்றொன்று தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலர் அல்லது வெள்ளி விழா மலர்.

இந்த மலர்களை யாரும் இலக்கியமாக நினைப்பதில்லை. பாதிப் பக்கம் வாழ்த்துச் செய்தியும் மீதிப் பக்கம் விளம்பரமுமாக இருக்கும். ஆனால் தலைமையாசிரியர் பட்டியல், முதல் நிர்வாகக் குழு, பள்ளி எந்த ஆண்டு எந்த லயத்தில் தொடங்கியது, தோட்டம் எந்த ஆண்டில் கைமாறியது போன்ற விவரங்கள் வேறு எங்கும் அச்சில் இருக்காது. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தோட்டத்தில் பிறந்தவை. மலர் போனால் பள்ளியின் கதையும் போய்விடும்.

அப்படியானால் விக்கியில் ஏற்றிவிடலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். ஏற்றலாம். விக்கிப்பீடியா போன்ற தளங்களை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் இலவசம். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்கி, இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளோடு இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் தங்கள் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் மீடியாவிக்கியில்தான் அடுக்கி வைத்திருக்கிறது. வழி இருக்கிறது. தடை எங்கே வருகிறது என்றால், பழைய கோப்பைத் திறக்கும்போது வருகிறது.

கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை

1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் மலர் தயாரித்தவர்கள் கணினியில்தான் தட்டச்சு செய்தார்கள். அந்தக் கோப்பு குறுந்தட்டிலோ விரலியிலோ யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும். அதை இன்றைய கணினியில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டிக் கிடக்கும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்துவிடுகிறவர்கள் உண்டு. தயவு செய்து அழிக்காதீர்கள். கோப்பில் ஒரு குறையும் இல்லை.

நடந்தது இதுதான். அந்தக் காலத்து எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்திருந்தன. பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ‘தமிழ்’ என்று தட்டினால், திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் பதிவாவதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் அது உளறல். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், இந்தியாவில் பரவிய தாம், தாப் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடுக்கு இருந்தது. இணையத் தமிழர்கள் கூடிப் பேசி டிஸ்கி என்ற பொது முறையை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு தாம், தாப் முறைகளை முன்வைத்தது. 2001இல் அந்த மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது. கடைசியில் உலகம் முழுக்க நிலைத்தது யுனிகோடு. இன்று உங்கள் கைப்பேசியில் புலனத்தில் வரும் தமிழ் முழுவதும் யுனிகோடுதான்.

இது நம் ஊர் மலர்களுக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பில் டிஸ்கியில் தட்டச்சு செய்து வைத்தது. யுனிகோடு வந்ததும் அந்த நூல்களை அதற்கு மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றியதால்தான் இன்று அவற்றில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்கிறது. சங்க இலக்கியத்துக்கு வந்த அதே வேலைதான் கும்பாபிஷேக மலருக்கும் வருகிறது.

எது முதலில், எது பிறகு

ஒரு மலரை விக்கிக்குக் கொண்டுபோக இரண்டு மாற்றங்கள் வேண்டும். ஒன்று எழுத்து மாற்றம்: பாமினியிலிருந்தோ டிஸ்கியிலிருந்தோ யுனிகோடுக்கு. மற்றொன்று வடிவ மாற்றம்: வோர்டு கோப்பில் உள்ள தலைப்பு, பட்டியல், அட்டவணை, அடிக்குறிப்பு ஆகியவற்றை விக்கிக்குப் புரியும் குறியீடுகளாக ஆக்குவது. கணினி பழகிய இளைஞர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் முதலில் செய்வார்கள். அதற்கு நல்ல கருவி இருப்பதுதான் காரணம். ஆனால் வரிசை மாறினால் வேலை கெட்டுவிடும்.

ஏன் என்று பார்ப்போம். நம் ஊர் மலர்கள் தனித்தமிழில் இருப்பதில்லை. பள்ளியின் பெயர் மலாயில் இருக்கும், கல்வி இலாகாவின் வாழ்த்துச் செய்தி மலாயில் இருக்கும், ஆங்கிலத்தில் ஒரு நன்கொடையாளர் பட்டியல் இருக்கும். வோர்டு கோப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் இது பாமினி, இது டைம்ஸ் நியூ ரோமன் என்று எழுத்துருவின் பெயர் ஒட்டியிருக்கும். எது தமிழ், எது மலாய் என்பதைச் சொல்லும் ஒரே சாட்சி அந்தப் பெயர்தான். வடிவ மாற்றும் கருவிகளோ எழுத்துருவின் பெயரை உதறிவிட்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. விக்கிக்கு எழுத்துரு தேவையில்லை என்பதால் அது அவற்றின் அளவில் சரிதான். ஆனால் அதன் பிறகு உங்கள் கையில் இருப்பது ஆங்கில எழுத்துகளின் குவியல். அதை அப்படியே பாமினி மாற்றியில் போட்டால், தமிழ் தமிழாக வரும், கூடவே ‘லாடாங்’ என்ற மலாய்ச் சொல் ‘டுயனயபெ’ என்று வரும். தோட்டத்தின் பெயரும் ஊரின் பெயரும் இப்படி ஆகிவிட்டால், மூல மலர் பக்கத்தில் இல்லாதவர் அதை மீட்கவே முடியாது.

ஆகவே, முதலில் வோர்டில் இருக்கும்போதே மலாய், ஆங்கில வரிகளுக்கு நிறம் போட்டுவிடுங்கள். வோர்டின் தேடும் வசதியில் எழுத்துருவைக் குறிப்பிட்டும் தேடலாம் என்பதால் இது பெரிய வேலை அல்ல. நிறம் இல்லாத பத்திகளை மட்டும் எடுத்து யுனிகோடாக்குங்கள். இதற்கான கருவிகளைத் தமிழர்களே செய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி, சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். மாற்றி ஆகியவற்றைப் பலரும் அறிவார்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பல பழைய முறைகளை மாற்றும் வசதி இருக்கிறது.

மாற்றிய பிறகு ஒரு தடவை கண்ணால் படிக்க வேண்டும். இந்த இடத்தில் கணினி தெரிந்தவரைவிடத் தமிழ் தெரிந்தவர்தான் தேவை. பழைய முறைகளில் ‘கோ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், அதாவது முதலில் இரட்டைச் சுழிக் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று பதிவாகும். யுனிகோடில் க முதலில் வரும், ஓகாரக் குறி பின்னால் வரும். நல்ல மாற்றி இதைத் தானே சரிசெய்யும். சில மாற்றிகள் கொம்பையும் காலையும் இரண்டு துண்டாக விட்டுவிட்டாலும் கவலை வேண்டாம், சேமிக்கும்போது மீடியாவிக்கி அவற்றை ஒன்றாக்கிவிடும்.

மீடியாவிக்கியாலும் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு. ‘மௌனம்’ என்பதை ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு ‘மெளனம்’ என்று தட்டுவது பழைய நாள் பழக்கம். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள், ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. சரி, ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று நினைத்தால், ‘வெள்ளி விழா’வில் உள்ள கொம்பும் ளகரமும்கூட ஔகாரமாகிவிடும். வெள்ளி விழா மலரிலேயே வெள்ளி காணாமல் போகும். எது ஔகாரம், எது எகரமும் ளகரமும் என்பது சொல்லைத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் பலர் உலு திராமிலும் மாசாயிலும் ஸ்கூடாயிலும் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.

தடித்த எழுத்து தலைப்பு ஆகாது

எழுத்து யுனிகோடாகிவிட்டால் வடிவ மாற்றத்துக்கு வரலாம். விக்கியின் குறியீடுகள் எளிமையானவை. சொல்லின் இருபுறமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள் போட்டால் தடித்த எழுத்து. வரியின் தொடக்கத்தில் உடுக்குறி போட்டால் பட்டியல். இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு. தலைப்பு இப்படி இருக்கும்:

== பள்ளியின் தோற்றம் ==

இவற்றை 80 பக்க மலருக்குக் கையால் போட வேண்டியதில்லை. பேண்டாக் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பிக்கும் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்டது. தத்துவப் பேராசிரியர் எழுதிய நிரலை உலகம் முழுக்கக் கணினித் துறையினர் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

பேண்டாக் வேலை செய்யும் விதம் தோட்டத்துக்காரர்களுக்கு உடனே புரியும். எந்த நிரையில் வெட்டிய பாலாக இருந்தாலும் முதலில் ஒரே ஸ்டோருக்குத்தான் வரும், அங்கிருந்துதான் ஷீட்டாகப் போவதா வேறாகப் போவதா என்பது தீர்மானமாகும். பேண்டாக்கும் அப்படித்தான். வோர்டு கோப்போ, வலைப்பக்கமோ, மார்க்டவுனோ, எது வந்தாலும் முதலில் தலைப்பு, பத்தி, பட்டியல் என்று பிரித்துத் தனக்குள் ஒரு பொது உருவத்தில் வைத்துக்கொள்ளும். பிறகு கேட்கும் வடிவத்தில் வார்த்துக் கொடுக்கும். 40 வடிவங்கள் இருந்தால், ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் மாற்ற 1,560 மாற்றிகள் எழுத வேண்டும். நடுவில் ஸ்டோர் இருப்பதால் உள்ளே வர 40, வெளியே போக 40, மொத்தம் 80 போதும்.

அதே காரணத்தால் ஒரு குறையும் உண்டு. தலைப்பு என்று வோர்டில் அடையாளமிடப்பட்டதைத்தான் பேண்டாக் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். நம் மலர்களில் யாரும் அப்படி அடையாளமிட்டதில்லை. எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் தள்ளினார்கள். மனிதக் கண்ணுக்கு அது தலைப்பு. பேண்டாக்குக்கு அது வெறும் தடித்த வரி. விளைவு, விக்கிப் பக்கத்தில் பொருளடக்கமே வராது. தலைமையாசிரியர் பட்டியலும் இப்படியே. பெயருக்கும் ஆண்டுக்கும் நடுவில் டேப் விசையைத் தட்டி நேராக நிறுத்தியிருப்பார்கள், அட்டவணை போட்டிருக்க மாட்டார்கள். மாற்றியதும் பெயரும் ஆண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே பத்தியாகிவிடும்.

எனவே மாற்றுவதற்கு முன் வோர்டிலேயே தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணியைக் கொடுத்துவிடுங்கள், டேப் தட்டிய பட்டியல்களை அட்டவணையாக்குங்கள். இதைச் செய்துவிட்டால் அடிக்குறிப்புகள் உட்பட மற்றதைப் பேண்டாக் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும். கவிதைகளை மட்டும் தனியாகக் கவனியுங்கள். விக்கியில் வரியை முறித்து அடுத்த வரிக்குப் போனாலும் அது ஒரே வரியாகத்தான் சேரும். வாழ்த்துப்பா எழுதியவர் மனம் வருந்துவார். வரியின் தொடக்கத்தில் இடைவெளி விட்டாலும் அந்த வரி தனிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். விக்கியில் பாடலுக்கென்றே ஒரு குறியீடு உண்டு, அதற்குள் போட்டால் வரிகள் அப்படியே நிற்கும்.

கோப்பு பழைய வோர்டு வடிவில் இருந்தால் பேண்டாக் திறக்காது. லிப்ரே ஆபிஸில் திறந்து புதிய வடிவில் சேமித்துக் கொள்ளுங்கள். பிடிஎஃப் கோப்பையும் அது படிக்காது. அச்சகங்கள் அந்த நாளில் பயன்படுத்திய பேஜ்மேக்கர் கோப்பு என்றால் சிரமம்தான், 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு அந்த மென்பொருளே நின்றுவிட்டது. அப்போது அச்சான மலரையே ஸ்கேன் செய்து, எழுத்துணரி மூலம் எழுத்தாக்குவது எளிது. ஒரே ஒரு கட்டுரையை மட்டும் ஏற்ற நினைப்பவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். யுனிகோடாக்கிய பிறகு கூகுள் டாக்ஸில் வைத்து, அங்கிருந்து விக்கியின் காட்சித் தொகுப்பியில் ஒட்டினால் போதும், தலைப்பும் இணைப்பும் கூடவே வந்துவிடும்.

எந்த விக்கி?

சங்கத்துக்கென்று சொந்த விக்கி தொடங்கலாம் என்ற யோசனை எல்லாக் கூட்டத்திலும் வரும். தொடங்குவது சுலபம். ஆண்டுதோறும் தளத்துக்கு யார் பணம் கட்டுவது, நிர்வாகம் மாறினால் கடவுச்சொல் யாரிடம் போகும் என்பதுதான் கேள்வி. ஏற்கனவே நிற்கும் தளத்தில் சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஆனால் எந்தத் தளத்தில் எது பொருந்தும் என்று பார்க்க வேண்டும். விக்கிப்பீடியாவில் மலரை அப்படியே போட முடியாது. அங்கே பள்ளியைப் பற்றியோ ஊரைப் பற்றியோ நடுநிலையான ஒரு கட்டுரை எழுதலாம், மலரை அதற்குச் சான்றாகக் காட்டலாம். மலரின் முழு உரைக்கு உரிய இடம் தமிழ் விக்கிமூலம். தமிழ்நாட்டில் நாட்டுடைமையான நூல்கள் ஏறக்குறைய 2,000 அங்கேதான் ஏற்றப்பட்டன. அவற்றை எழுத்தாக்க கணியம் த. சீனிவாசன் ஒரு நிரலே எழுதிக் கொடுத்தார். விக்கிமூலத்தில் ஸ்கேன் செய்த பக்கம் ஒருபுறம், எழுத்து மறுபுறம் என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தியது மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தது பச்சை. திருத்தியவரே பச்சை கொடுக்க முடியாது. 2022இல் எழுத்தாளர் ஜெயமோகன் முன்னின்று தொடங்கிய தமிழ் விக்கியும் இருக்கிறது.

ஏற்றுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் காலமாகி 50 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. நிர்வாகம் மலரை அச்சிட்டது என்பதால் உள்ளே இருக்கும் எல்லாக் கட்டுரைகளும் அதற்குச் சொந்தமாகிவிடாது. எழுதியவர்களிடம் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். விக்கிமூலத்தில் ஏறிய உரையை யார் வேண்டுமானாலும் எடுத்து மறுபடி அச்சிட்டு விற்கவும் முடியும் என்பதையும் சொல்லியே கேளுங்கள். மலர்களின் கடைசிப் பக்கங்களில் உறுப்பினர்களின் வீட்டு முகவரி, தொலைபேசி எண், சிலவற்றில் அடையாள அட்டை எண்கூட இருக்கும். ஸ்கேன் படத்திலும் சரி, எழுத்திலும் சரி, அவற்றை எடுத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

இன்னொரு வசதியையும் நிர்வாகங்கள் தெரிந்துகொள்வது நல்லது. பேண்டாக் எதிர்த் திசையிலும் வேலை செய்யும். விக்கியில் திருத்தி முடித்த பக்கத்தை அது வோர்டாகவோ மின்னூலாகவோ மாற்றித் தரும். அடுத்த கும்பாபிஷேக மலருக்குக் கோயில் வரலாற்றை மறுபடி ஒருவர் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. 12 ஆண்டு இடைவெளியில் புதிதாக நடந்ததை மட்டும் எழுதிச் சேர்த்து அச்சகத்துக்கு அனுப்பலாம்.